விருப்புரிமை: அதிகாரியின் கையில் இருப்பது எவ்வளவு?

ஆளுநரின் விருப்புரிமை, நீதிபதியின் விருப்புரிமை, அமைச்சரின் விருப்புரிமை ஒதுக்கீடு என்று செய்திகளில் இந்தச் சொல் அடிக்கடி அடிபடுகிறது. கேட்பவர்களில் பலர் இதற்கு "அது அவர் இஷ்டம், யாரும் கேட்க முடியாது" என்று பொருள் கொள்கிறார்கள். மனுவோடு வந்து நிற்பவரிடம் "அது எங்கள் விருப்புரிமை" என்று சொல்லி அனுப்பிவிடும் அலுவலர்களும் அதே பொருளில்தான் சொல்கிறார்கள். இதற்கு நேர் எதிராக, விருப்புரிமை இருப்பதால்தான் ஊழல் வருகிறது, எல்லாவற்றையும் விதியாக எழுதிவைத்துவிட்டால் தொல்லை தீர்ந்தது என்று சொல்பவர்களும் உண்டு. இந்த இரண்டு எண்ணங்களும் தவறானவை. முதல் எண்ணம் அதிகாரிக்கு இல்லாத அதிகாரத்தைக் கொடுத்துவிடுகிறது. இரண்டாவது, குடிமகனுக்குத் தேவையான ஒன்றைப் பறித்துவிடுகிறது. சட்டப் படிப்பு இல்லாதவர்களும் இதைத் தெளிவாகப் புரிந்துகொள்ள முடியும், புரிந்துகொள்ளவும் வேண்டும். நம் அன்றாட வாழ்வின் பல முடிவுகள் இந்த ஒன்றைச் சார்ந்தே இருக்கின்றன.

பந்தியில் நிற்பவர்

கல்யாண வீட்டில் பந்தி விசாரிக்கும் பொறுப்பை ஒருவரிடம் ஒப்படைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இலைக்கு ஒரு வடை என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டால் அதில் யோசிக்க ஒன்றும் இல்லை, எண்ணி வைக்க வேண்டியதுதான். ஆனால் யாருக்கு எவ்வளவு சாம்பார், மறுசோறு யாரிடம் கேட்பது, பல் இல்லாத பெரியவருக்கு எதைக் குழைத்து வைப்பது, கடைசிப் பந்திக்குப் பாயசம் போதாது என்று தெரிந்தால் எந்தப் பந்தியிலிருந்து கரண்டியைக் குறைப்பது என்பதையெல்லாம் முன்கூட்டியே யாராலும் எழுதித் தர முடியாது. அவற்றை அங்கே நின்று பார்ப்பவரிடமே விட்டுவிடுகிறார்கள். அப்படி விட்டதனால் பாயசம் அவருடைய சொத்தாகிவிடுவதில்லை. பிடிக்காதவரின் இலையைத் தாண்டிப் போனாலோ, மைத்துனர் இலையில் மட்டும் நெய்யைக் கொட்டினாலோ ஊரே அதைப் பந்தி வஞ்சனை என்று சொல்லும். அவருக்கு முடிவெடுக்கும் பொறுப்பே இல்லை என்று அப்போது யாரும் வாதிடுவதில்லை. அந்தப் பொறுப்பு எதற்காகத் தரப்பட்டதோ அதற்கு மாறாக அவர் நடந்துகொண்டார் என்பதுதான் குற்றச்சாட்டு.

சட்டத்திலும் இதே கதைதான். பதவியில் இருக்கும் ஒருவருக்கு முன்னால் ஒன்றுக்கு மேற்பட்ட வழிகளைச் சட்டம் திறந்துவைத்து, எதிரில் இருக்கும் சூழ்நிலைக்குப் பொருந்துவதைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை அவரிடம் ஒப்படைக்கும்போது, அதற்கு விருப்புரிமை என்று பெயர். வேறு வழியே தராமல், இன்னது நடந்தால் இன்னதைச் செய்தே தீர வேண்டும் என்று சட்டம் சொல்லும்போது அது கட்டாயக் கடமை. ஓர் அதிகாரி நம்மிடம் "முடியாது" என்று சொல்லும்போது முதலில் பார்க்க வேண்டியது, அந்த விஷயத்தில் சட்டம் அவருக்குத் தந்திருப்பது இந்த இரண்டில் எது என்பதைத்தான்.

காவல் நிலையத்தில் ஒரு சோதனை

திருட்டுக் கொடுத்தவர் காவல் நிலையத்துக்குப் போகிறார். எழுத்தில் புகார் கொடுக்கிறார். முதல் தகவல் அறிக்கை பதிவு செய்யாமல், சி.எஸ்.ஆர். எனப்படும் ஒப்புகை ரசீதைக் கையில் கொடுத்து, "விசாரித்துவிட்டுச் சொல்கிறோம்" என்று அனுப்புகிறார்கள். தமிழ்நாட்டில் இந்த ரசீதோடு வீடு திரும்பிய குடும்பங்கள் ஏராளம். வழக்குப் பதிவு செய்வதா வேண்டாமா என்பது ஆய்வாளரின் விருப்பம் என்றே அவர்களில் பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2013 நவம்பரில் லலிதா குமாரி வழக்கில் இதற்குத் தெளிவான பதில் தந்தது. காவல்துறை நீதிமன்ற ஆணையின்றி நேரடியாகப் புலனாய்வு செய்யக்கூடிய குற்றம் நடந்ததாகப் புகாரிலிருந்தே தெரியவருமானால், முதல் தகவல் அறிக்கை பதிவு செய்வது கட்டாயக் கடமை என்று அந்தத் தீர்ப்பு கூறியது. குடும்பத் தகராறு, வணிகத் தகராறு, மருத்துவ அலட்சியம் போன்ற சில வகைகளில் மட்டும் முதல்கட்ட விசாரணை செய்துகொள்ள அது இடம் தந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, 3 ஆண்டு முதல் 7 ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றங்களில், துணைக் கண்காணிப்பாளரின் அனுமதியோடு 14 நாட்களுக்குள் முதல்கட்ட விசாரணை நடத்தலாம் என்று ஒரு சிறிய கதவைத் திறந்திருக்கிறது. விருப்புரிமை எவ்வளவு தூரம் போகலாம் என்பதை இங்கே சட்டமே அளந்து எழுதிவைத்திருப்பதைக் கவனிக்க வேண்டும்: எந்த வகைக் குற்றம், யாருடைய அனுமதி, எத்தனை நாள் என்ற மூன்றும் அதில் இருக்கின்றன. அந்த அளவுக்கு வெளியே நின்றுகொண்டு "அது எங்கள் விருப்பம்" என்று எந்த நிலைய அதிகாரியும் சொல்ல முடியாது.

'பிணையில் வர முடியாத பிரிவு'

விருப்புரிமையை மிகத் தெளிவாகக் காட்டுவதும், மிக அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் பிணைதான். "பிணையில் வெளிவர முடியாத பிரிவில் வழக்குப் பதிவு" என்று தொலைக்காட்சியில் கேட்டதும், கைதானவர் வழக்கு முடியும்வரை வெளியே வரவே முடியாது என்று குடும்பத்தார் கலங்கிப்போகிறார்கள். சட்டம் சொல்வது வேறு. குற்றங்களை அது இரண்டாகப் பிரிக்கிறது. முதல் வகையில் பிணை என்பது கைதானவரின் உரிமை. உரிய பிணையைத் தர அவர் முன்வந்தால் விடுவித்தே ஆக வேண்டும், அங்கே அதிகாரிக்கு யோசனைக்கே இடமில்லை. இரண்டாம் வகையில் பிணை தருவதா மறுப்பதா என்பதை நீதிபதி சூழ்நிலையைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். செய்திகளில் "வர முடியாத பிரிவு" என்று சொல்லப்படுவது இந்த இரண்டாம் வகை. வர முடியாது என்று அங்கே யாரும் எழுதிவைக்கவில்லை, கேட்டுப் பெற வேண்டும் என்பதே பொருள்.

அப்படிக் கேட்கும்போது நீதிபதி எதைப் பார்க்கிறார்? குற்றச்சாட்டு எவ்வளவு கடுமையானது, வெளியே விட்டால் தலைமறைவாகிவிடுவாரா, சாட்சிகளை மிரட்டுவாரா, ஆதாரத்தைக் கலைப்பாரா, முன்பு வேறு வழக்குகள் உண்டா என்பவற்றைப் பார்க்கிறார். மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கக்கூடிய குற்றமென்று நம்ப நியாயமான காரணம் இருந்தால் மாஜிஸ்திரேட்டின் கையைச் சட்டம் கட்டிப்போடுகிறது; ஆனால் குழந்தை, பெண், நோயாளி, உடல் நலிந்தவர் என்றால் அந்தக் கட்டையும் தளர்த்துகிறது. கைதானவரின் சாதி, கட்சி, வழக்கறிஞரின் முகராசி, ஊடகத்தின் கூச்சல் ஆகிய எவையும் இந்தக் கணக்கில் வரக் கூடாது. அதோடு, குற்றத்தைப் பொறுத்து 60 அல்லது 90 நாட்களுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யப்படாவிட்டால் விருப்புரிமையே அங்கே முடிந்துபோகிறது. பிணை உரிமையாகிவிடுகிறது. நீதிபதிக்கு அந்த மனிதரைப் பிடித்திருக்கிறதா இல்லையா என்பதற்கு அங்கே வேலையே இல்லை.

விருப்புரிமை தவறாகப் போனால் என்ன ஆகும் என்பதற்கு 1978-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த மோத்தி ராம் வழக்கைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த ஓர் ஏழைக் கொத்தனாருக்குப் பிணை வழங்கப்பட்டிருந்தது. எவ்வளவு தொகைக்குப் பிணையாள் தர வேண்டும் என்பதை மாஜிஸ்திரேட் முடிவு செய்ய வேண்டும். அவர் 10,000 ரூபாய் என்று நிர்ணயித்தார். கொத்தனாரின் சகோதரர் பிணையாளாக முன்வந்தபோது, அவருடைய சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று சொல்லி மறுத்தார். மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டுமே மாஜிஸ்திரேட்டின் விருப்புரிமைக்குள் அடங்கும் முடிவுகள்தான். ஆனால் கூலி வேலை செய்பவரிடம் அந்தக் காலத்தில் 10,000 ரூபாய் கேட்பது பிணையை ஒரு கையால் தந்து மறு கையால் பறிப்பதற்குச் சமம். நீதிபதி வி. ஆர். கிருஷ்ண ஐயர் அந்தத் தீர்ப்பில், ஒரு மலையாளியோ கன்னடரோ தமிழரோ ஆந்திரரோ தில்லி சாந்தினி சௌக்கில் கைதானால் அங்கே சொத்துள்ள பிணையாளுக்கு எங்கே போவார் என்ற பொருளில் கேட்டார். கொத்தனாரை 1,000 ரூபாய்க்கான சொந்தப் பத்திரத்தில் விடுவிக்க நீதிமன்றம் உத்தரவிட்டது. மாஜிஸ்திரேட்டுக்குத் தொகையை நிர்ணயிக்கும் அதிகாரம் இல்லை என்று அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை. அந்தத் தொகை எதற்கு என்பதை, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர் விசாரணைக்கு வருவதை உறுதிசெய்வதற்கு மட்டுமே என்பதை, அவர் மறந்துவிட்டார் என்பதே அதன் சாரம்.

இதுவரை பார்த்தவற்றைச் சுருக்கிச் சொல்வதானால்: சட்டம் ஒரே வழியைக் காட்டினால் அது கடமை, பல வழிகளைத் திறந்தால் அது விருப்புரிமை. விருப்புரிமைக்கு எப்போதும் ஒரு நோக்கமும், பார்க்க வேண்டியவை, பார்க்கக் கூடாதவை என்ற இரு தொகுதிகளும் உண்டு.

விருப்புரிமையே வேண்டாம் என்றால்?

அப்படியானால் இந்தத் தொல்லையே இல்லாமல் எல்லாவற்றையும் கட்டாய விதியாக்கிவிடலாமே என்ற கேள்வி எழும். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் அப்படி ஒரு பிரிவு இருந்தது. ஆயுள் தண்டனை அனுபவித்துக்கொண்டிருக்கும் ஒருவர் கொலை செய்தால் அவருக்கு மரண தண்டனை விதித்தே ஆக வேண்டும் என்று 303-ஆம் பிரிவு கூறியது. மற்றக் கொலை வழக்குகளில் ஆயுளா மரணமா என்று நீதிபதி எடைபோடலாம். இதில் மட்டும் முடியாது. குற்றம் எந்தச் சூழலில் நடந்தது, குற்றவாளியின் மனநிலை என்ன, எவ்வளவு சீண்டப்பட்டார், அவருடைய பழைய ஆயுள் தண்டனை எந்த வகைக் குற்றத்துக்கு என்ற எதையும் பார்க்கக் கூடாது. 1983-இல் மிட்டு வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்தப் பிரிவையே செல்லாது என்று நீக்கியது. மனிதனின் உயிரைப் பறிக்கும் முடிவில் நீதிபதியின் கண்ணைக் கட்டிவிடும் சட்டம் நியாயமான சட்டமாக முடியாது என்பதே அதன் அடிப்படை. விருப்புரிமை அதிகமாக இருந்தால் மட்டுமே அநீதி வரும் என்று நினைப்பவர்கள் இந்தத் தீர்ப்பை ஒருமுறை நினைத்துப்பார்க்க வேண்டும். அது அறவே இல்லாவிட்டாலும் அநீதி வரும்.

அதேநேரத்தில், சில இடங்களில் விருப்புரிமையை எடுத்துவிடுவதே நல்லது என்பதையும் மறுக்க முடியாது. கேந்திரிய வித்யாலயா பள்ளிகளில் ஒவ்வொரு நாடாளுமன்ற உறுப்பினரும் ஆண்டுக்கு 10 மாணவர்களைப் பரிந்துரைக்கலாம் என்ற ஒதுக்கீடு இருந்தது. 2022-இல் அது நீக்கப்பட்டது. அங்கே எடைபோட வேண்டிய சூழ்நிலை எதுவும் இல்லை, யாருக்கு யாரைத் தெரியும் என்பது மட்டுமே இருந்தது. எனவே என் கருத்தில் அது விருப்புரிமை என்ற பெயருக்கே தகுதியற்றது, வெறும் சலுகை.

எல்லைக்கோடுகள்

இந்தக் கோடுகள் நேற்று போடப்பட்டவை அல்ல. இங்கிலாந்தில் 1598-ஆம் ஆண்டின் ரூக் வழக்கு மிகப் பழையது. தேம்ஸ் ஆற்றுக் கரையைச் செப்பனிட்ட ஆணையர்கள், பலருடைய நிலங்களை அந்தக் கரை காத்துநிற்க, செலவு முழுவதையும் கரையை ஒட்டிய நிலத்துக்காரர் ஒருவர் தலையில் மட்டும் கட்டினார்கள். தொகையை நிர்ணயிப்பது எங்கள் விருப்புரிமை என்பது அவர்களின் வாதம். விருப்புரிமை என்பது பொய்யிலிருந்து மெய்யையும் தவறிலிருந்து சரியையும் பிரித்தறியும் அறிவு, அவரவர் மனப்போக்குக்கும் சொந்த விருப்பு வெறுப்புக்கும் ஏற்ப நடப்பது அன்று என்று நீதிமன்றம் கூறி, பயன்பெற்ற எல்லோரும் செலவைப் பங்கிட வேண்டும் என்று தீர்த்தது. பிற்காலத் தீர்ப்புகள் அனைத்தும் ஏறக்குறைய இந்தக் கருத்தின் விரிவுரைகளே.

முடிவைத் தாமே எடுக்க வேண்டும் என்பது ஒரு முக்கியமான கோடு. பம்பாயின் அந்தேரியில் திரையரங்கு கட்ட 1947-இல் ஒருவருக்கு நகரக் காவல் ஆணையர் அனுமதி தந்தார். சில வாரங்களில் அவரிடமிருந்தே இன்னொரு கடிதம் வந்தது: உமக்குத் தந்த அனுமதி ரத்து செய்யப்படுகிறது என்று தெரிவிக்குமாறு அரசு என்னைப் பணித்திருக்கிறது என்பது அதன் வாசகம். விதியின்படி அனுமதியை ரத்து செய்யும் அதிகாரம் ஆணையருக்கே உரியது, அரசுக்கு அல்ல. வழக்கு வந்தபோது, அந்த முடிவைத் தாமே எடுத்ததாக ஆணையர் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தார். 1951-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பொது உத்தரவு எழுதப்பட்டபடியே படிக்கப்பட வேண்டும், எழுதியவர் பிறகு வந்து தம் மனத்தில் இருந்தது இதுதான் என்று விளக்கம் சொல்லி அதை மாற்ற முடியாது என்று கூறியது. மேலிடத்தின் தொலைபேசிக்காகக் காத்திருக்கும் ஒவ்வோர் அதிகாரிக்கும் இந்த கோர்தன்தாஸ் பான்ஜி தீர்ப்பு இன்றும் பொருந்தும். விருப்புரிமையை இரவல் கொடுக்க முடியாது.

இன்னொரு கோடு, சொந்தக்காரருக்காகவோ சொந்த லாபத்துக்காகவோ பயன்படுத்தக் கூடாது என்பது. 1990-களில் மத்திய பெட்ரோலிய அமைச்சர் தம் விருப்புரிமை ஒதுக்கீட்டில் பெட்ரோல் பங்க்குகளை வழங்கினார். பெற்றவர்களில் அரசியல்வாதிகளின் உறவினர்களும் அமைச்சகத்தோடு தொடர்புள்ளவர்களும் இருந்தார்கள். 1996-இல் உச்ச நீதிமன்றம் 15 ஒதுக்கீடுகளை ரத்து செய்தது. பொதுச் சொத்தை அமைச்சர் மக்களின் சார்பில் பொறுப்பாளராக வைத்திருக்கிறாரே தவிர உரிமையாளராக அல்ல என்பது அதன் அடிப்படை.

பொருத்தமற்றதை வைத்து முடிவெடுக்கக் கூடாது என்பதும், எந்த அறிவுள்ள மனிதரும் எடுக்காத முடிவை எடுக்கக் கூடாது என்பதும் மேலும் இரண்டு. முடி சிவப்பாக இருக்கிறது என்பதற்காக ஓர் ஆசிரியரைப் பணிநீக்கம் செய்தால் இந்த இரண்டு கோடுகளும் ஒரே நேரத்தில் மீறப்படுகின்றன என்று இங்கிலாந்து நீதிபதி கிரீன் பிரபு 1947-இல் வெட்ன்ஸ்பரி வழக்கில் எடுத்துக்காட்டினார்.

நீதிமன்றம் செய்வதும் செய்யாததும்

அந்த வெட்ன்ஸ்பரி வழக்கின் முடிவு பலருக்கு வியப்பளிக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் 15 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை அனுமதிக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு ஒரு திரையரங்குக்கு நகராட்சி அனுமதி தந்தது. நிறுவனம் வழக்குப் போட்டது, தோற்றது. குழந்தைகளின் நலன் பொருத்தமான கருத்துதான், நிபந்தனை புத்திக்குப் புறம்பானதும் அன்று, அதற்கு மேல் நாங்கள் தலையிடுவதற்கில்லை என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இங்கேதான் நீதித்துறை மறுஆய்வு என்பதன் தன்மை விளங்குகிறது. முடிவு எடுக்கப்பட்ட முறையும் காரணமும் சட்டத்துக்கு உட்பட்டவையா என்று நீதிமன்றம் சோதிப்பதே மறுஆய்வு. அதிகாரியின் நாற்காலியில் நீதிபதி போய் உட்கார்ந்து "நானாக இருந்தால் வேறு மாதிரி செய்திருப்பேன்" என்று மாற்றி எழுதுவது அதன் வேலை இல்லை. எனவேதான் வென்ற வழக்குகளிலும் பெரும்பாலும் "மறுபடியும் பரிசீலித்து முடிவெடுங்கள்" என்ற உத்தரவே வருகிறது. வழக்கில் வென்றும் உரிமம் கிடைக்கவில்லையே என்று வருந்துபவர்கள் இதைத் தெரிந்துகொண்டால் ஏமாற்றம் குறையும்.

இந்திய நீதிமன்றங்கள் இதில் ஓர் அடி முன்னே சென்றன. அதற்குக் காரணமான வழக்கு தமிழ்நாட்டிலிருந்து போனது. மாநிலத் தலைமைச் செயலாளராக இருந்த ஈ. பி. ராயப்பா, தம்மை வேறு பணியிடங்களுக்கு மாற்றியதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்றார். 1973-இல் வந்த தீர்ப்பில் அவர் தோற்றார். ஆனால் சமத்துவமும் தன்னிச்சையான நடத்தையும் ஒன்றுக்கொன்று பரம விரோதிகள் என்று நீதிபதி பகவதி அதில் எழுதினார். காரணமற்ற முடிவு எதுவும் அரசியலமைப்பின் 14-ஆவது உறுப்பை மீறுகிறது என்ற வாதம் அதன் பிறகே வலுப்பெற்றது.

ஆளுநரைப் பற்றிச் சில வரிகள்

செய்திகளில் அதிகம் பேசப்படுவது ஆளுநரின் விருப்புரிமை என்பதால் அதைத் தொட்டுச் செல்ல வேண்டும். அமைச்சரவையின் ஆலோசனைப்படி நடப்பதே பொதுவிதி, விருப்புரிமை விதிவிலக்கு என்று 163-ஆவது உறுப்பை விளக்கும் ஷம்ஷேர் சிங் தீர்ப்பு (1974) கூறுகிறது. பேரறிவாளன் விடுதலைக்கு 2018-இல் மாநில அமைச்சரவை செய்த பரிந்துரை நிலுவையில் கிடந்து பின்னர் குடியரசுத் தலைவருக்கு அனுப்பப்பட்டபோது, ஆளுநர் அந்தப் பரிந்துரைக்குக் கட்டுப்பட்டவர் என்று சொல்லி உச்ச நீதிமன்றமே 2022 மே மாதம் அவரை விடுவித்தது. மசோதாக்கள் விஷயத்தில் நிலைமை அவ்வளவு நேரானது அன்று. தமிழ்நாடு அரசு தொடுத்த வழக்கில் 2025 ஏப்ரலில் இரு நீதிபதிகள் அமர்வு ஆளுநருக்குக் காலவரம்பு விதித்தது; அதே ஆண்டு நவம்பரில் குடியரசுத் தலைவரின் கேள்விகளுக்கு ஐந்து நீதிபதிகள் அமர்வு தந்த கருத்துரை, ஒப்புதல் தருவது, திருப்பி அனுப்புவது, குடியரசுத் தலைவருக்கு ஒதுக்குவது ஆகியவற்றில் ஒன்றைத் தேர்வதில் ஆளுநருக்கு விருப்புரிமை உண்டு, நீதிமன்றம் காலவரம்பு விதிக்க முடியாது என்று கூறியது. ஆனால் விளக்கமின்றி முடிவில்லாமல் கிடப்பில் போடுவது அந்த விருப்புரிமையில் அடங்காது என்றும், அப்படி நேர்ந்தால் முடிவெடுக்கும்படி நீதிமன்றம் பணிக்கலாம் என்றும் அதே கருத்துரை சொல்கிறது. தேர்ந்தெடுக்கும் உரிமையும் தேர்ந்தெடுக்காமலே இருக்கும் உரிமையும் வேறு வேறு.

மனு மறுக்கப்பட்டால்

ஓர் அலுவலகத்தில் உங்கள் மனு மறுக்கப்பட்டால், வாய்மொழிப் பதிலோடு திரும்பிவிடாமல், மறுப்பை எழுத்தில் தரச் சொல்லிக் கேளுங்கள். கோர்தன்தாஸ் பான்ஜி வழக்கில் பார்த்ததுபோல, அந்தத் தாளில் எழுதப்பட்டிருப்பதுதான் பின்னாளில் சோதிக்கப்படும். அதில் காரணம் எதுவும் இல்லை என்றால், தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன் 4-ஆவது பிரிவு, நிர்வாக முடிவுகளுக்கான காரணங்களைப் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று பொது அதிகார அமைப்புகளைக் கட்டாயப்படுத்துகிறது என்பதைச் சுட்டிக்காட்டி விண்ணப்பியுங்கள். கோப்புக் குறிப்புகளின் நகலையும் அதே விண்ணப்பத்தில் கேட்கலாம்; யார் எந்த நாளில் என்ன எழுதினார், முடிவு கீழிருந்து மேலே போனதா, மேலிருந்து கீழே வந்ததா என்பது அவற்றில் தெரிந்துவிடும். பொதுவாக 30 நாட்களுக்குள் பதில் வர வேண்டும், வராவிட்டால் முதல் மேல்முறையீடு செய்யலாம். விண்ணப்பத்தை நேரில் கொடுப்பவர்கள் நகலில் அலுவலக முத்திரையையும் தேதியையும் வாங்கிக்கொள்ளுங்கள், அந்த 30 நாள் எண்ணப்படுவது அந்தத் தேதியிலிருந்துதான்.